சிலாபத்து வீட்டின் வாட்சர்

இன்று வெள்ளவத்தை ஹார்ட்வெயார் கடையில் கதவுப் பிணைச்சல் வாங்கப் போனேன்.

சிலாபத்துத் தோட்டவீட்டின் குளியலறைக் கதவு கழன்றுவிட்டது. வீடு என் கணவரின் அண்ணாவுடையது. அவர் லண்டனில். "உங்கட வீடு மாதிரி வைச்சிருங்கோ" என்று திறப்பைத் தந்தார். மூன்று வருடமாக ஒவ்வொரு சனி ஞாயிறும் பஸ் ஏறிப் போய், வெயிலில் புல் வெட்டி, ஓடு மாற்றி, வௌவால் எச்சம் கழுவுகிறோம்.

இந்தச் சனிக்கிழமை தன் சிநேகிதர்கள் வருவார்களாம், அதற்குள் கதவைப் பொருத்திவிடச் சொல்லி நேற்று லண்டனிலிருந்து மெசேஜ். அவருக்கு மாதம் தவறாமல் சிநேகிதர்கள்.

கடையில் எங்கள் மேல்மாடி சுகந்தி அக்காவும் நின்றார்.

"சனிக்கிழமை பிள்ளையளோட சிலாபம் போறம். லண்டன்காரர் ஒராள் வீடு வாடகைக்கு விடுறார். பாருங்கோ, என்ன வடிவு!"

போனில் நான் தைத்த திரைச்சீலை. என் கணவர் பச்சை பெயின்ட் அடித்த கேட்.

"துப்புரவா இருக்குமோ அக்கா?" என்றேன்.

"ஓம் ஓம். அங்க ஒரு வாட்சரும் மனுசியும் இருக்கினமாம். என்ன வேலை சொன்னாலும் முகம் சுளிக்காமச் செய்வினம் எண்டு அவரே எழுதியிருக்கிறார்."

பிணைச்சலை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அக்கா கதவில்லாமல் குளிக்க முடியுமா?

சனிக்கிழமை அவருக்குக் கேட் திறக்கப்போவது நான்தான். "வாங்கோ அக்கா" என்பதா, "வாங்கோ மேடம்" என்பதா? வாட்சர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.