மூன்று தலைக்கவசங்கள்

மோட்டார் சைக்கிள் பந்தய அணியைப் பதிவதற்கு அதன் மூன்று உறுப்பினர்களும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்பது விதி. யுத்தம் முடிந்து ஆலங்குடாக் கடற்கரையில் பந்தயம் தொடங்கியபோது பதிவு மேசையில் இருந்தவன் நான். கற்பிட்டியில் ஓட்டோ திருத்தும் ஒருவர் தனியாக வந்தார். மெலிந்த உடம்பு, கிரீஸ் போகாத நகங்கள். அணி தொடங்கிய கையோடு கூட்டாளிகள் இருவரும் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"தனி ஆளாப் பதியுங்களேன். அதுக்கு வேற விதி இருக்கு" என்றேன்.

"தனியா ஓடுறதெண்டா எனக்கு ரோட்டு இரிக்கே, சேர். இது எங்கட டீம்."

விதிவிலக்குக் கேட்டுக் கொழும்புக்கு எழுதினேன். மேலிடம் வழக்கம்போல ஆழ்ந்து யோசித்தது. முதல் இரண்டு பந்தயப் பருவங்களிலும் அவர் தடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மூன்று தலைக்கவசங்களிலும் படிந்த மணலைத் துடைத்துக்கொண்டே நின்றார். "பதில் வந்திச்சா, சேர்?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

மூன்றாம் பருவத்துக்கு முன் அவரும் கட்டாருக்குப் போனார். மூவரும் அங்கே ஒரே அறையில் இருப்பதாகக் கேள்வி. விதிப்படி அணி நிறைந்துவிட்டது. பந்தயம்தான் இங்கே நடக்கிறது. ஓய்வுபெற்ற பின்னும் பந்தயத்துக்குப் போனால் என் கண் கயிற்றுக்கு வெளியேதான் போகிறது.

அவர் ஒருவரே கையொப்பமிட்டால் போதும் என்ற கொழும்பின் பதில், அவர் கட்டாருக்குப் போன பிறகு, அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் வந்தது.