தண்டலின் பாட்டை நான் பாடிய மாலை

டீச்சர் அந்தக் கேசட்டைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே முடிச்சை அவிழ்த்தார். கேசட்டோடு அதிலிருந்து அறுந்த நாடாவும் ஒரு சுருளாகக் கிடந்தது. டேப் ரிக்கார்டர் அதைத் தின்றுவிட்டிருந்தது.

"பாதிப் பாட்டுதான் இருக்கு தம்பி. மீதி போச்சு. நீதான் முழுசாப் பாடணும். அவுக கொரல்லயே பாடணும்," என்றார்.

'அவுக' என்றது அவருடைய கணவரை. தோணிக்குத் தலைவராகக் கடலேறுபவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்போம். எங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயரே வழங்கவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய்வருவார். ஊரில் இருக்கும் நாட்களில் முகம் மழிக்கும்போதும் பாட்டு, வேட்டியைக் கொடியில் உதறிப்போடும்போதும் பாட்டு. ஒரே மகள் பிறந்ததும் அவளைத் தூங்கவைக்க அவராகவே ஒரு பாட்டைக் கட்டினார். எந்தத் துறைமுகத்திலிருந்து அவளுக்கு என்ன கொண்டுவருவேன் என்பதுதான் மொத்தப் பாட்டும். தான் கடலில் இருக்கும் நாட்களில் பிள்ளை அழக்கூடாதென்று, கொழும்பில் வாங்கிய டேப் ரிக்கார்டரில் அதைப் பாடிப் பதிந்து வைத்துவிட்டுப் போவார்.

மகளுக்கு நாலு வயதாகும்போது, ஓர் ஐப்பசியில் மாலத்தீவுக்குப் போன தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு, உடல் இல்லாமலே கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். டீச்சர் பள்ளிக்கூட வேலையைப் பார்த்துக்கொண்டே மகளை வளர்த்தார். அந்த மகளுக்குத்தான் அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் புன்னைக்காயல். வரவேற்பில் அப்பாவின் பாட்டு ஒலிக்க வேண்டும், அதுவும் மகளுக்குத் தெரியாமல் திடீரென்று ஒலிக்க வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பகலில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். காகிதக்கட்டோடு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் அலைவது என் வேலை. சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகன். சுவரொட்டியில் என் படத்துக்குக் கீழே 'ஆறு குரல் பாடகர்' என்று போடுவார்கள். எந்தப் பாடகரின் பாட்டென்றாலும் அவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் நானும் மூச்சு வாங்குவேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் மட்டும் அவ்வப்போது, "சில பாட்ட அத மொதல்ல பாடினவுகதாம்லே பாடணும். மத்தவன் தொடப்படாது," என்பார். எனக்குச் சிரிப்பு வரும். "ஏன், எனக்குத் தொண்டை இல்லியாண்ணே?" என்று கேட்பேன். அவர் குச்சியால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு மாதம் நான் தண்டலோடு குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அறுந்த நாடாவை ஒட்டி, மிஞ்சிய பாதியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நடுக்கடலில் காற்றை மீறிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. ஒவ்வொரு வரியின் முடிவையும் எட்ட நிற்கும் யாரையோ அழைப்பதுபோல நீட்டுவார். இரண்டாம் வரி முடிந்ததும் லேசாகக் கனைத்துக்கொள்வார். 'மவளே' என்ற சொல்லை மட்டும், பக்கத்தில் குனிந்து சொல்வதுபோல அடக்கிச் சொல்வார். மீதி வரிகளை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒருநாள் பின்கட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தண்டல் அண்ணாச்சிதான் வந்துட்டாவளோன்னு நெனச்சேன். நெஞ்சு அடிச்சுக்கிடுது. போதும், நிறுத்துங்க," என்றாள். அவள் பயந்ததை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறைந்து நின்று பாடுவது என்ற யோசனை முழுக்க என்னுடையது. டீச்சர் மீது அதில் ஒரு துளியும் பழி கிடையாது. ஆள் தெரிந்தால் குரலின் மாயம் போய்விடும் என்று நினைத்தேன். கோயில் மண்டபத்து மேடையின் ஓரத்தில் நீலத்திரை ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் மைக்கோடு நின்றுகொண்டேன். விளக்கு வைக்கும் நேரம். பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாத்தியம் எதுவும் இல்லாமல் பாட ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே மண்டபத்தின் இரைச்சல் அடங்கியது. தண்டலோடு பழகிய கிழவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். யாரோ "ஏசுவே" என்றது கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பெருமை. இரண்டாம் வரியை முடித்து அவரைப் போலவே கனைத்தேன். அந்தக் கனைப்புக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மேடைப் பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. வேகமான காலடி. 'மவளே' என்று நான் குரலை இறக்கிய அந்தக் கணத்தில் திரை விலகியது.

மணப்பெண் நின்றிருந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண்ணின் முகமாக அது இல்லை. வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்த சிறுபிள்ளையின் முகம். அவள் என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. அப்புறம்தான் என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"நீங்களா அண்ணே?" என்றாள்.

அத்தனை மெதுவாகச் சொன்னதும் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. கீழேயிருந்து டீச்சர் பதறிக்கொண்டு ஏறிவந்தார். "ஏளா, நான்தான் பாடச் சொன்னேன், அவனை ஒண்ணும் சொல்லாத," என்று மகளின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னிடம், "எங்க அப்பா பாட்டு பாதியிலயே நிக்கட்டும் அண்ணே. அவுக பாடினது எவ்வளவு மிஞ்சியிருக்கோ அவ்வளவு போதும்," என்றாள். பிறகு திரையை ஒதுக்கிப் பிடித்தபடி, "நீங்க வெளிய வாங்க. வந்து, உங்க கொரல்ல எதாவது பாடுங்க," என்றாள்.

அது தண்டனையில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கல்யாண வீடு அழுகையில் முடியக்கூடாதென்று நினைத்திருப்பாள். மேடை ஓரத்தில் கூனிக்குறுகி நின்ற எனக்கு ஒரு வழியும் விட்டுக்கொடுத்தாள். ஆனால் என் குரல் எது? பன்னிரண்டு வருடம் மேடையேறியவன், அதை அன்றுவரை என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. திரையைவிட்டு வெளியே வந்து, சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படித்த ஒரு மாதா பாட்டைத் தொடங்கினேன். சுருதி எங்கோ கீழே போய் விழுந்தது. மேடையிலிருந்த எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் இரண்டு கட்டை தேடிப்பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்து போய்விட்டது. அவள் மட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கடைசி வரிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு குழுவில் ஒரு வருடம்போல் இருந்தேன். இன்னொருவரைப் போலப் பாடப்போனால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு நின்றுவிடும். விலகி, கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்தேன். என் குரல் சாதாரணக் குரல்தான். கூட்டத்தில் கலந்தால் தனியாகத் தெரியாது. அதில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நினைப்பேன். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் "நல்லாருக்கியளா அண்ணே?" என்று அவள்தான் முந்திக்கொள்வாள். டீச்சர் இறந்தபோது பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அன்றுகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கே மகள் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்திருந்தாள். தலையில் நரை கண்டிருந்தது. என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "எம் மவன் கம்ப்யூட்டர்ல என்னமோ படிக்கான். அந்தப் பாதிக் கேசட்ட வச்சு மீதிப் பாட்டையும் தாத்தா கொரல்லயே செஞ்சு தாரேங்கான். ஒரு வித்தியாசமும் தெரியாதாம்," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னுட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணே. அன்னைக்கு அது கேசட்டுன்னு தோணவே இல்ல, எங்க அப்பாதான் வந்துட்டாவன்னு நெனச்சு எந்திச்சேன். நாற்காலியில இருந்து அந்தத் திரைக்குப் பத்து எட்டு எடுத்து வச்சிருப்பேனா? அந்தப் பத்து எட்டும் அவுக உசுரோட இருந்தாவ. திரைய வெலக்கினப்பதான் செத்தாவ. அதுக்கு முன்னாடி அவுகளுக்காக நான் அழுததே கெடையாது. எப்படியும் வருவாவன்னுதான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் அழுதேன். உங்களத் திட்டணும்னும் நெனச்சிருக்கேன், கும்புடணும்னும் நெனச்சிருக்கேன். இப்பதான் சொல்ல வாய்ச்சிருக்கு."

இத்தனை வருடம் தேடிவைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. என் மனைவிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "கல்யாணத்துல நீங்க ஒரு பாட்டு பாடணும்," என்றாள். எனக்கு இப்போது மேல்சுருதி எட்டாது, மூச்சும் நிற்பதில்லை என்று சொன்னேன். "அதனால என்ன? எட்டுற வரைக்கும் பாடுங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முதல்முறையாக நானே ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறேன், நாலே வரி. காலையில் பின்கட்டில் நின்று பாடிப் பார்க்கிறேன். மூன்றாம் வரியில் குரல் உடைகிறது. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவரவில்லை. "மூணாவது வரிய இன்னொருக்கப் பாடுங்க," என்று அங்கிருந்தே சொல்கிறாள்.