பேச்சுப் பலகையைக் கழற்றிவிட்டுக் கப்பல் ஏறினாள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். என் கணவரின் அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு சுற்றுலா போக ஏற்பாடு செய்திருந்தார்கள். மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்கு. சாந்தோமில் எங்கள் தெருமுனைக்கே வேன் வந்துவிட்டது. எனக்குத்தான் போக மனமில்லை. ஒன்பது வயது மகள் பிடித்த பிடிவாதத்தில் கிளம்பினேன்.

அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க வராது, பேச வராது. கழுத்தில் ஒரு பலகை தொங்கும். தண்ணீர், இட்லி, பாத்ரூம், வலி, பயம், அம்மா, அப்பா, வீடு, கடற்கரை என்று கட்டம் கட்டமாகப் படங்கள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் அவள் சொன்னபடி கேட்கும். அதை மெதுவாக நகர்த்தி, வேண்டிய படத்தைத் தொடுவாள். அவள் பள்ளியில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது பேச்சுப் பலகை. பழைய காலண்டர், வாரப் பத்திரிகை என்று தேடி, படங்களை வெட்டி ஒட்டியது அவள் அப்பா. பயத்துக்கு மட்டும் படம் அகப்படாமல், கண்ணைப் பிதுக்கிக்கொண்டிருக்கும் ஒரு மூஞ்சியை அவரே வரைந்தார். அது அச்சு அசலாக என்னைப் போலவே இருக்கிறதென்று அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை ஓட்டாத நாளில்லை.

பேச்சு வராதே தவிர, குரல் உண்டு. சந்தோஷம் வந்துவிட்டால் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பாதிரியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோவிலே மூச்சடங்கி மண்டியிட்டிருக்குமே, சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தோஷம் வரும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் கை தானாகப் போய் அவள் வாயைப் பொத்திவிடும். அலுவலகக்காரர்களோடு நாள் முழுக்க இருக்க வேண்டுமே என்று நான் தயங்கியதும் இதனால்தான்.

போன இடத்தில் மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டோம். குழந்தைகள் ஏறும் ராட்டினத்தில் ஒரு சுற்று வந்தாள். அதோடு கிளம்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொலம்பஸ் கப்பல் அவள் கண்ணில் பட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊஞ்சலாடுகிற பெரிய கப்பல். பலகையில் கப்பலுக்குப் படம் ஏது? கடற்கரையைத் தொட்டாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் கடற்கரை, மறுபடியும் பார்வை. நான் முடியவே முடியாது என்றேன். அவள் அப்பா சக்கர நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

எங்கள் முறை வந்தபோது, கப்பலை ஓட்டுகிற ஆள் கையை நீட்டினார்.

"அந்தப் பலகைய கழட்டிக் குட்த்துடும்மா. கப்பல் ஆடசொல்லோ மூஞ்சில அட்ச்சிரும்."

அதுதான் அவளுக்கு வாய் என்றேன். வலித்தால், பயந்தால் எப்படிச் சொல்வாள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, இறங்கியும் வரவில்லை. கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் அலுவலகக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. போதும் வா, போகலாம் என்று நாற்காலியின் பிடியில் கை வைத்தேன்.

அவளுடைய கட்டைவிரல் பலகையின் பட்டைக்கு அடியில் நுழைந்து மேலே தள்ளியது. பட்டை மோவாய்வரை வந்து மாட்டிக்கொண்டது. விடாமல் தள்ளினாள். அப்பா குனிந்து மிச்சத்தைக் கழற்றினார்.

அந்த ஆள் பலகையை வாங்கித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடமே பேசினார்.

"நீ கண்ண மூடுனா அம்மா கைய தூக்கும். கைய பாத்ததும் நிறுத்திடுறேன். சரியா கண்ணு?"

அதிகம் ஆடாத நடு வரிசையில், எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் அவளை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தோம். என் வேலை அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பது. முதல் ஆட்டம் தாலாட்டு மாதிரிதான் இருந்தது. அப்புறம் கப்பல் உயரே போய் இறங்கியது பாருங்கள், என் வயிறு மேலேயே தங்கிவிட்டது. மாதாவே என்றேன். அதற்குப் பிறகு அவள் கண்ணை நான் எங்கே பார்த்தேன்? என் கண் மூடியிருந்தது. கையும் எப்போது மேலே போனதென்று தெரியாது.

கப்பல் தளர்ந்து நின்றது. அந்த ஆள் ஓடி வந்து அவள் முன்னால் குனிந்தார்.

"இன்னா கண்ணு, பயந்துக்கினியா?"

அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவர் மார்பில் தொங்கிய பலகையில் கட்டைவிரல் நகர்ந்தது. அம்மா. பயம். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் அம்மா. அப்புறம் வீடு.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாள் என்று அவள் அப்பா விளக்கியதும் கப்பலே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் இறங்கிக்கொண்டேன். நான் எழுந்த இடத்தில், என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி தானாக வந்து உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டார். யாருடைய பார்வைக்குக் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேனோ, அவர்களில் ஒருவர்.

பலகை இப்போது என் கழுத்தில். கீழே நின்று பார்த்தேன். கப்பல் ஏறி இறங்க ஆரம்பித்ததும் அத்தனை பேரும் கத்தினார்கள். பெரிய அதிகாரிகள், புடவையை வாரிப் பிடித்துக்கொண்ட பெண்கள், பிள்ளைகள், எல்லோரும். அந்தக் கத்தலில் ஒரு வார்த்தை கிடையாது. என் மகளும் வாய் பிளந்து கத்துவது தெரிந்தது. ஆனால் எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும், எது அவள் குரல் என்று எனக்குப் பிரித்தெடுக்க முடியவில்லை. யாரும் திரும்பி அவளைப் பார்க்கவுமில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அதற்கப்புறம் எத்தனையோ பலகைகள் மாறிவிட்டன. பயத்துக்கு மட்டும் அதே மூஞ்சி. எழுந்தேற்றத்தின்போது அவள் இன்றும் தவறாமல் குரல் கொடுக்கிறாள். நான் கையை அவள் வாய்ப்பக்கம் கொண்டுபோகாமல், சாமிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறேன்.