காலியாக இருந்த கட்டம்

1. மஞ்சள் கார்டு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் எம்.டி. என் அறைக்குள் வந்து, ரப்பர் பாண்ட் போட்ட மஞ்சள் கார்டுக் கட்டு ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். என் டைரியில் அன்றைய முதல் வரி அதுதான்.

தில்லி ஓக்லாவில் ஐ.வி. செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை அது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து நோயாளியின் கைக்குப் போகும் குழாயைத்தான் ஐ.வி. செட் என்பார்கள். அங்கே பதினான்கு வருடம் பணியாளர் துறை மேலாளராக இருந்தேன். எம்.டி. நிறுவனரின் மகன், நாற்பது வயது. அப்பாவைப் போல ஆட்களைத் திட்டமாட்டார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நிர்வாகப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "நாராயணன் ஜி, ஐடியா மேலே இருந்து கீழே போகக்கூடாது. கீழே இருந்து மேலே வரணும். மெஷினுக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கறவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்டில் நான்கு கட்டங்கள். பெயர். இப்போது உள்ள சிரமம். உங்கள் யோசனை. நான்காவது, கம்பெனிக்கு என்ன பலன். அந்த நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: எண்ணாகக் குறிப்பிடவும்.

2. பதினேழாவது கார்டு

பேக்கிங் பிரிவின் மூன்றாம் வரிசையில் ஐந்து பெண்கள். ஐவரும் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து சேர்ந்தே வருவார்கள், ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்பட்டவர்கள். அவர்களில் செல்வி மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவருடைய கணவரின் தங்கை புஷ்பாவும் அதே வரிசை, அடுத்த நாற்காலி. கேம்ப்பிலும் அடுத்த வீடு. மற்ற மூவர் மல்லிகா, கௌரி, அஞ்சலை.

கார்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் பரிசுக்குக் கார்டைத் தேர்வு செய்யும் கமிட்டி ஆங்கிலத்தில்தான் படிக்கும். அதனால் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு. புதன்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்காருவேன். நான் தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அவர்களுக்கு என் தமிழ் ஒரு வேடிக்கை.

"சார் பேசினா டி.வி.ல நியூஸ் கேக்கற மாதிரியே இருக்குதுடி," என்றார் புஷ்பா.

"நியூஸ்காரரே, எழுதிக்கங்க," என்று செல்வி எதிரில் உட்கார்ந்தார். "பை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு வருது சார். ஒவ்வொண்ணையும் விரலால தேய்ச்சுத்தான் பிரிக்கணும். சாயங்காலம் விரல் நுனி மரத்துப் போவுது. அதுக்கு மேல எழுந்து எழுந்து பை ஒட்டுற சீலிங் மெஷினுக்கு நடக்கணும். இவளுக்கு இடுப்பு வலி."

"எனக்கு மட்டுமா? உனக்கு இல்ல?" என்றார் புஷ்பா.

"இரு, சொல்லிக்கறேன். மார்க்கெட்டுல கடலை விக்கிற ஆளு இருக்கானே, பையை எடுத்து வாயால ஒரு ஊது ஊதுவான், பை தெறந்துக்கும். நாம வாயால ஊதக்கூடாது. ஆனா தூசி அடிக்கறதுக்குக் காத்து வர்ற ஏர் லைன் இருக்குது இல்ல? அதுல சின்னதா ஒரு குழா எடுத்து, பையைச் சாய்ச்சு மாட்டி வெச்சா, தானா வாய் தெறக்கும். மேஜையைத் திருப்பிப் போட்டா நடக்கவும் வேணாம்."

"இதனால் என்ன பலன் என்று எழுதட்டும்?"

"இடுப்பு வலிக்காது. விரல் மரக்காது. வேற இன்னா?"

செல்வி கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள்.

பிற்பகலில் கார்டுகளைச் சுத்தமாகப் படி எடுத்தேன். பதினேழாவது கார்டின் நான்காவது கட்டத்தில் எண் இல்லை. எண் இல்லாத கார்டைக் கமிட்டி தனியே ஒதுக்கிவிடும். இதுவரை வந்தவற்றில் நல்ல யோசனை அதுதான். அந்த அம்மாளுக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதோடு, ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்னால் அதை மூடிவைக்க முடியாது. சிறு வயது முதலே அப்படி. மூன்றாம் வரிசைக்குப் போய் நின்று பார்த்தேன். நடக்கிற நேரத்தையும் பை பிரிக்கிற நேரத்தையும் கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டேன். திரும்பி வந்து நான்காவது கட்டத்தில் எழுதினேன்: ஆள் மிச்சம், இரண்டு.

அவரிடம் கேட்கவில்லை. எழுதிய பிறகும் படித்துக் காட்டவில்லை.

3. பரிசு

முதல் பரிசு அதற்குத்தான். கேன்டீனில் எல்லோருக்கும் சமோசாவும் டீயும். எம்.டி. செல்விக்குச் சால்வை போர்த்தினார். "இவங்கதான் நம்ம நிஜமான எஞ்சினியர்," என்று இந்தியில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். புஷ்பா விசில் அடித்தார். செல்வியின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு, பேக்கிங் பிரிவின் வாசலில் நானே மாட்டினேன்.

பதினைந்து நாளில் பராமரிப்புப் பிரிவு ஏர் லைனிலிருந்து ஒரு குழாய் எடுத்து, மேஜையைத் திருப்பிப் போட்டது. செல்வி சொன்னபடியே வேலை செய்தது. அடுத்த சனிக்கிழமை எம்.டி. என்னைக் கூப்பிட்டார்.

"மூணாவது வரிசைக்குத் திங்கக்கிழமையில இருந்து மூணு பேர் போதும். ஒப்பந்தக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"சார், இரண்டு பேரை வேறு வரிசைக்கு மாற்றலாமே?"

"வேற வரிசையில இடம் எங்கே இருக்கு? ஆள் மிச்சம் ரெண்டுன்னு உங்க கையெழுத்துலதானே எழுதியிருக்கு?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

ஒப்பந்தக்காரர் வயதையும் பார்க்கவில்லை, உழைப்பையும் பார்க்கவில்லை. பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த இரண்டு பெயரை அடித்தார். மல்லிகா. புஷ்பா.

திங்கட்கிழமை காலை கேட்டில் இருவரையும் நிறுத்தினார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை. புஷ்பா செக்யூரிட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்வியைப் பார்த்து ஏதோ சொன்னார், நீளமாக இல்லை. பிறகு மல்லிகாவோடு திரும்பி நடந்தார். செல்வி கேட்டுக்கு உள்ளே சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

4. சுவரைப் பார்த்த படம்

அதற்கு அடுத்த புதன்கிழமை ஒரு கார்டும் இல்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்திருந்த மேஜையை விட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். செல்வியைச் சுற்றிலும் இடம் காலியாகவே இருந்தது. கௌரியும் அஞ்சலையும்கூட வேறு மேஜைக்குப் போனார்கள். காலையில் அவர்கள் இருவரும் சேர்ந்து வருவார்கள் என்றால், செல்வி தனியாகப் பத்து நிமிடம் கழித்து வருவார்.

அதே மாதங்களில்தான் கேம்ப்பை இடித்தார்கள். சிலருக்குத் தில்லியின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், சிலருக்கு இல்லை. செல்வியின் பெயர் பட்டியலில் இருந்தது. புஷ்பாவின் பெயர் இல்லை. வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் புஷ்பா விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போய்விட்டதாக ஒப்பந்தக்காரர் சொன்னார். செல்வி நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்.

டைரியில் இன்னொன்றும் இருக்கிறது. வாசலில் மாட்டிய செல்வியின் படம் காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நான் திருப்பி வைப்பேன். மறுநாளும் அப்படியே. ஆறு முறை என்று குறித்திருக்கிறேன். யாரோ வயிற்றெரிச்சலில் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

எம்.டி. கவலைப்பட்டார். "கார்டு ஒட்டற போர்டு காலியா இருக்கே, நாராயணன் ஜி. ஒரு மோட்டிவேஷன் ட்ரெயினர் கூப்பிடலாமா?" கூப்பிட்டோம். அவர் எல்லோரையும் பலூன் ஊதச் சொன்னார்.

5. மூடி

பெரிய ஆர்டர் ஒன்று வந்து வரிசையின் வேகத்தைக் கூட்டியிருந்த சமயம். சீலிங் மெஷினில் சூடான இரண்டு தாடைகள் பையைக் கவ்வி ஒட்டும். அதன்மேல் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் தாடை உடனே நின்றுவிட வேண்டும்; அதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பதுக்கு, ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. அன்று அஞ்சலை வரவில்லை. அவருக்குப் பதிலாக முதல் நாள் வந்திருந்த ரேகா என்ற பெண், சிக்கிய பையை எடுக்க மூடியைத் திறந்து கையை விட்டார். தாடை நிற்கவில்லை.

நான் போனபோது செல்வி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ரேகா கத்தவில்லை. "என் கை, என் கை" என்று இந்தியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் வலது கையின் இரண்டு விரல்களை முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

விசாரணை என் வேலை. மறுநாள் செல்வியைக் கூப்பிட்டேன்.

"அந்த ஸ்விட்ச் எப்போதிலிருந்து கெட்டிருந்தது?"

"பதினோரு நாளா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மூணு பேருக்கும் தெரியும். மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் மூடியைத் தெறப்போம். அந்தப் பொண்ணுக்கும் காலையில சொன்னேன். என் இந்தியில பாதி புரிஞ்சுதோ என்னமோ."

"ஏன் ஒரு கார்டு எழுதவில்லை? என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "கார்டு எழுதினா ஆள் போவுது சார். போன தடவ ரெண்டு பேரு. இந்தத் தடவ கௌரியும் அஞ்சலையும் போவணுமா? ஏற்கெனவே என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நாத்தனாரை வேலைய விட்டு எடுத்து சால்வ வாங்கினவன்னு என் காது படவே பேசறாங்க."

ஃபைலிலிருந்து பதினேழாவது கார்டை எடுத்தேன். வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். நான்காவது கட்டத்தையும் படித்தேன்.

"ரெண்டு ஆளுன்னு நான் சொன்னேனா?"

"இல்லை."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான். கட்டம் காலியாக இருந்தது. எண் இல்லாவிட்டால் பரிசு கிடைக்காது."

"பரிசு நான் கேட்டேனா சார்?"

கார்டைத் திரும்ப ஃபைலில் வைத்தேன். அவரே தொடர்ந்தார். "அந்தப் படத்தை நீங்க மாட்ட மாட்ட நான்தான் திருப்பித் திருப்பி வெச்சேன். யாரு மூஞ்சியையும் பாக்க முடியல. என் மூஞ்சியையும் பாக்க முடியல."

பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "இதைப் புஷ்பாவாண்ட நீங்களே சொல்லுங்க. நான் கூப்ட்டா எடுக்க மாட்டா. உங்க நம்பர்ல இருந்து பண்ணுங்க."

6. தொலைபேசி

என் போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். மறுமுனையில் ஆடு கத்தும் சத்தம்.

"நான் கம்பெனியிலிருந்து நாராயணன் பேசுகிறேன்."

"யாரு... நியூஸ்காரரா?" குரலில் சிரிப்பு இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். செல்வி என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், இரண்டு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றேன்.

"எடுத்து? தில்லியில எங்க சார் தங்கறது? இங்க நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருக்கேன்." பிறகு கேட்டார்: "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் ஊருக்குக் கெளம்புனப்ப அவ பஸ் வரைக்கும் பின்னாடியே வந்தா. நான் திரும்பிக்கூடப் பாக்கல சார்."

செல்வி போனை எடுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணி அங்க இருக்காங்களா?" என்று போன் கேட்டது. அப்போது நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

7. பிறகு

எம்.டி.யிடம் அன்றே சொன்னேன். கார்டை அவர் நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். "நான் கேட்டது ஐடியா. ஆளை இல்ல," என்றார். "நான் கொடுத்தது ஆளை," என்றேன். "அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்."

கார்டில் வரும் யோசனையால் யாருக்கும் வேலை போகாது என்று ஒரு நோட்டீஸ் தயாரித்துக் கொண்டுபோனேன். எழுத்தில் வேண்டாம், வாய்வார்த்தை போதும் என்றார். ரேகாவின் விசாரணை அறிக்கையை அவர் முன் திறந்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார். மல்லிகா திரும்பி வந்தார். ரேகா வரவில்லை. நோட்டீஸ் ஒட்டிய பிறகும் ஏழு புதன்கிழமை நான் கேன்டீனில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டாவது புதன் வந்த கார்டு குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றியது. அதை எழுதச் சொன்னவர் கௌரி. செல்வி இன்னொரு கார்டு எழுதவே இல்லை. அவருடைய படத்தை அவர் கேட்டபடி கழற்றி அவரிடமே கொடுத்தேன்.

நான் இப்போது வேலை செய்யும் புதிய கம்பெனியிலும் கார்டு இருக்கிறது. புதிதாகச் சேரும் இளைஞர்கள் ஊழியர்களைப் பேச வைப்பது எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களைப் பேச வைப்பது கடினமே இல்லை. செல்வி முதல் நாளே பேசினார். அவர் கொடுக்கும் யோசனை மிச்சம் பிடிக்கிற ஆளை என்ன செய்யப்போகிறோம் என்பதை அவரைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி ஒட்ட வேண்டும். எழுதியதை அவருடைய மொழியில் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.

இங்கேயும் கடைசிக் கட்டம் பலனைத்தான் கேட்கிறது. போன புதன்கிழமை லோடிங் பிரிவில் ஒருவர் "முட்டி வலிக்காது" என்றார். முட்டி வலிக்காது என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். எண் எங்கே என்று கமிட்டி கேட்டது. அவர் சொல்லவில்லை என்றேன்.