செல்வி அக்கா காய்ச்சிய கஞ்சி

1. பன்னிரண்டு நாற்பது

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சாஸ் தொழிற்சாலையில், தரம் சோதிக்கும் கியூசி லேப்பில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் மதியம், மிளகாய் சாஸ் எவ்வளவு கெட்டியாக வந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மணி பன்னிரண்டு நாற்பது. லேப்புக்குள் கைப்பேசி கூடாது. எனக்கு மட்டும் மேனேஜர் மணியம் சார் விதிவிலக்குக் கொடுத்திருந்தார், காரணம் என் மகள் ஷர்வினி.

அழைத்தவர் செல்வி அக்கா. எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவர். நான் வேலையில் இருக்கும்போது நான்கு வயது ஷர்வினியைப் பார்த்துக்கொள்பவர்.

"தாமரை, புள்ள வாந்தி எடுத்துட்டாம்மா. கூப்பிட்டா 'ம்'ங்கிறா, கண்ணு சொருவுது."

"விரல்ல குத்திப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன். ரெண்டு புள்ளி மூணு காட்டுது."

இரத்தச் சர்க்கரை நான்கு மில்லிமோலுக்குக் கீழே போனாலே எங்களுக்குக் கவலை. இது கிட்டத்தட்ட அதில் பாதி.

"குளுக்கோஸ் தண்ணி குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா. தூங்க மட்டும் விட்ராதீங்க. நான் வரேன்."

கையுறையைக் கழற்றும்போதே மணியம் சார் பின்னால் வந்து நின்றார். "சாம்பிள அப்படியே வச்சிட்டுப் போ லா. சாஸ் எங்கயும் ஓடிப் போவாது."

2. தாள்

ஷர்வினியின் உடலில் கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், ஆனால் தேவைப்படும்போது திருப்பித் தராது. பிறவிக் குறை. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பச்சை மாவு வயிற்றில் மெல்ல மெல்லத்தான் கரையும், அடுத்த வேளை வரை தாங்கும். சளி, காய்ச்சல், வாந்தி எது வந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

இதைச் செல்வி அக்காவிடம் ஒப்படைத்தபோது நான் நான்கு பக்கத்துக்கு ஒரு செயல்முறைத் தாள் தயாரித்தேன். நேரம், கிராம், தண்ணீரின் அளவு, கையெழுத்துப் போடக் கட்டம். லேமினேட்கூடச் செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா கேரி தீவில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். உணவுத் தொழில்நுட்ப டிப்ளோமாவை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நின்ற நாள் எனக்கு இன்றும் பெருமைதான். அந்தப் பெருமை அந்தத் தாளிலும் இருந்தது.

அக்கா தாளைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார். "ஏம்மா பச்ச மாவு? கொஞ்சம் காய்ச்சிக் குடுத்தா வயித்துக்கு எதமா இருக்காது?"

"காய்ச்சக் கூடாதுக்கா. தாள்ல இருக்கிறத அப்படியே செய்ங்க. அது கெமிஸ்ட்ரி. சொன்னாப் புரியாது."

அவர் தலையாட்டினார். இரண்டு வருடம் ஒரு வேளை தவறவில்லை. ஐந்து நிமிடம்கூடப் பிந்தியதில்லை.

3. எமர்ஜென்சி

நான் போய்ச் சேர்ந்தபோது ஷர்வினி அக்காவின் தோளில் ஈரத் துணி மாதிரிக் கிடந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் ஒரு சில வாய் உள்ளே போயிருந்தது. சர்க்கரை மூன்றைத் தொட்டிருந்தது. உடம்பில் காய்ச்சல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கணவர் லோரியோடு ஜோகூரில் இருந்தார். அக்கா பின் இருக்கையில் அவளை மடியில் வைத்துக்கொள்ள, நான் காரை ஓட்டினேன். வழி முழுக்க அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "குட்டி, இது என்னா வண்டி சொல்லு? லோரியா? பஸ்ஸா? அப்பா வண்டியா?" பதில் ஒரு முனகலாக வந்தது. 

மருத்துவமனையில், ஷர்வினியை வழக்கமாகப் பார்க்கும் நிபுணர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினேன். நர்ஸ் படித்ததும் எங்களை உட்காரவே விடவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைத் தண்ணீர் டிரிப்பில் ஏறியது. இளம் டாக்டர் ஒருவர் கடைசியாக மாவு கொடுத்த நேரம் கேட்டார்.

பத்தரை. அப்படியானால் இரண்டரை வரை தாங்கியிருக்க வேண்டும். வாந்தி வந்ததே பன்னிரண்டரைக்குப் பிறகுதான். அதற்குள் எப்படி விழுந்தது? தராசு கெட்டுவிட்டதா, மாவுப் பாக்கெட் மாறிவிட்டதா என்று லேப் புத்தி ஓடியது. அக்கா சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அன்றைய பதிவுத் தாளை எடுத்துக் கொடுத்தார். பத்தரைக் கட்டத்தில் அவர் கையெழுத்து: "22 கிராம். காய்ச்சல் அடிக்குது. கஞ்சியாக் காய்ச்சிக் குடுத்தேன்."

டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். காரணம் தெரிந்துவிட்டது.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். "காய்ச்சக் கூடாதுன்னு சொன்னேன்ல அக்கா?"

அவர் குரல் உயரவில்லை. "சொன்ன. காய்ச்சல் புள்ளைக்குப் பச்ச மாவு குடுக்க மனசு வரல. அளவு கொறையலம்மா. ஏன்னு கேட்டப்போ சொன்னாப் புரியாதுன்ன. எனக்குப் புரிஞ்சத செஞ்சேன்."

மாலை நான்கு மணிக்கு ஷர்வினி கண்ணைத் திறந்து, கையில் இருந்த ஊசியைப் பார்த்து, "எடு" என்று கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு அக்கா சுவரில் சாய்ந்து அழுதார்.

4. இரண்டு கிண்ணம்

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அக்கா மேலே வந்து, "வேற ஆளப் பாத்துக்கம்மா. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

உட்காரச் சொன்னேன். ஒரு கிண்ணத்தில் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தேன். இன்னொன்றில் காய்ச்சி, கெட்டியானதும் ஆற வைத்தேன்.

"இப்ப ரெண்டுலயும் துப்புங்க அக்கா."

"ச்சீ! மூணு நாள் தூங்காம மண்ட கொழம்பிப் போச்சா ஒனக்கு?"

"துப்புங்க லா!"

முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினார். கலக்கிவிட்டுக் காத்திருந்தோம். சிறிது நேரத்தில் கஞ்சிக் கிண்ணம் இளகித் தண்ணீராகிவிட்டது. பச்சை மாவு அடியில் அப்படியே வெள்ளையாகப் படிந்திருந்தது.

அக்கா கரண்டியால் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். "எச்சிக்கே கஞ்சி கரைஞ்சி போவுது. அப்ப வயித்துல எம்மா நேரம் நிக்கும்? பச்ச மாவு கல்லு மாதிரி குந்திக்கிட்டு இருக்கு. அதனாலதான் நாலு மணி நேரம் தாங்குது."

"அவ்வளவுதான் அக்கா."

"இதுக்கா கெமிஸ்ட்ரின்ன?" கரண்டியை வைத்தார். "அன்னிக்கே இதக் காட்டியிருந்தா நான் அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா. தப்பு என்னுதுதான்."

அக்கா இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரி, திங்கக்கெழம எத்தன மணிக்குக் கொண்டாந்து விடுவ?"

5. லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மாவைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பது என் தினசரி வேலை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகளைக் கையில் வைத்திருந்தவருக்கு மட்டும் சொல்லவில்லை.

இப்போது நான் எழுதுகிற செயல்முறைத் தாள்களில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப முடியாவிட்டால் அந்தப் படி எனக்கே புரியவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். செய்த தவறை மறைக்காமல் எழுதியவரைத் திட்டாதீர்கள். அன்று டாக்டருக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

என் டிப்ளோமா எனக்கு நிறையத் தந்தது. அடுத்தவருக்குப் புரியாது என்று முடிவு செய்யும் உரிமையை அது தரவில்லை. அதை நானாக எடுத்துக்கொண்டேன்.