தீபாவளி வரை அவிழ்க்காத காப்பு

எங்கள் ஊரில் ஒரு வருடம் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குக் கட்டிய காப்பைத் தீபாவளி வரைக்கும் அவிழ்க்கவே இல்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. கூழ் ஊற்றிய மூன்றாம் நாள் காப்பை அவிழ்த்துவிட்டு அன்று மத்தியானமே கறிக்குழம்பு கொதிக்கிற ஊர்கள் அவர்களுடையவை. எங்கள் ஊரும் அதுவரைக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் மட்டும் அம்மன் பிடிவாதமாக இருந்துவிட்டாள். அவளைவிடப் பிடிவாதமாக இருந்தது என் அம்மா.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் அப்போது நாலாம் வகுப்பு. அம்மா, கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் லைன் லீடர். அப்பா கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வீக் ஆஃப் அன்று மட்டும் குடிப்பார். ஆகவே குடிகாரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரும் சேர்ந்து திட்டுவார். அண்ணன் பதினொன்றாம் வகுப்பு. அப்பாவின் அண்ணனான பெரியப்பாதான் அம்மன் கோயில் பூசாரி. பகலில் ஒரு கம்பெனியில் புல்வெளிக்குத் தண்ணீர் விடுவார், காலையிலும் மாலையிலும் அம்மனுக்கு விளக்கேற்றுவார். இரண்டிலும் சம்பளம் குறைவு என்பார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் எங்கள் ஏரிக்கரை ஓரம் நின்றது. கரைச் சரிவில் பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் குப்புறக் கிடந்தான். வாயிலிருந்து நுரை வழிந்திருந்தது. பக்கத்தில் பிராந்தி நெடி அடிக்கிற குளிர்பான பாட்டில்கள். பெண்கள் இறங்கிப் போய்ப் புரட்டினார்கள். ஜன்னலோரம் அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தி கடைசியாக இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய மகன்தான் அது. பஸ்ஸை அப்படியே திருப்பி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். டிரைவர் ரூட் மாறிப் போனதற்காகக் கம்பெனியில் விளக்கம் கேட்டார்களாம். பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் போய் ஆபீஸ் வாசலில் நின்றதும் கேட்டதை விட்டுவிட்டார்களாம்.

அந்தப் பையன் அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன். அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடவில்லை. கிணற்றடியில் போய்க் காலைக் கழுவிக்கொண்டே இருந்தான். அம்மா பக்கத்தில் போய் நின்று, "நீயும் அங்கதான் இருந்தியாடா?" என்று கேட்டாள். அவன் அழ ஆரம்பித்தான். "எனக்கு அது ரெண்டாவது வாட்டிதாம்மா" என்றான். சமாதானமாகத்தான் சொன்னான். முதல் தடவை எப்போது என்றே தெரியாத அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் ஒரேயடியாக விழித்துக்கொண்டது. பள்ளியில் விழிப்புணர்வுப் பேரணி நடந்தது. வெயிலில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டபடி நடந்தோம். வழியில் ஒயின்ஷாப் வாசலில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். எல்லோரும் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி எடுத்தோம். ஓவியப் போட்டியில் நான் ஒரு பாட்டிலுக்குக் கையும் காலும் கொம்பும் வரைந்து ஆறுதல் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கினேன். மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து போய், பள்ளிக்கூடத்துக்கு எதிரிலிருந்த பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த போதைப்பாக்குப் பொட்டலங்களை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த வாரமே ஏரிக்கரையில் மறுபடி பாட்டில்கள் கிடந்தன.

அப்போதுதான் அம்மாவுக்கு யோசனை வந்தது. ஆடித் திருவிழாவில் கரகம் எடுப்பவர்களும் பம்பை அடிப்பவர்களும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் அது அவிழ்கிற வரைக்கும் கவுச்சி தொடக் கூடாது, குடிக்கக் கூடாது. மற்ற நாளில் சாக்கடையில் கிடக்கிற ஆள்கூடக் காப்புக் கட்டிவிட்டால் ஒயின்ஷாப் இருக்கிற தெருப் பக்கம் போக மாட்டான். அந்தக் காப்பை எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் கட்டிவிட வேண்டும் என்றாள் அம்மா.

"எங்ககிட்டன்னா பொய் சொல்லிடுவானுங்க மாமா. அம்மன்கிட்ட சொல்லுவானுங்களா?" என்று பெரியப்பாவிடம் கேட்டாள்.

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. பசங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு? பெரிய ஆம்பளைங்களுக்கும் சேத்துக் கட்டிடலாமே" என்றார். அப்பா அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்குக் கட்டி, நான் சாமிகிட்ட பொய் சொன்னவளா ஆவணுமா?" என்றாள் அம்மா. அப்பா பேப்பரைப் புரட்டினார்.

ஒரு சிக்கல் இருந்தது. காப்புக் கட்டிய வீட்டார் ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. பாதித் தாய்மார்களுக்கு நைட் ஷிப்ட். பெரியப்பா ரெண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலம்தான். பத்திரம் மாறினால் எல்லை மாறிவிடாது. ஆகவே நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஊருக்குள்ளேதான் இருக்கிறார்கள். மறைமலை நகருக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி, "அப்ப எனக்கு?" என்று கேட்டாள். அவளை ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு எங்கள் மாடுகள் மேயப் போனதில்லை.

காப்புக் கட்டினார்கள். வரிசையில் நின்று கையை நீட்டிய பையன்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. வேப்பிலையை வைத்து முடிச்சுப் போட்டு, பெரியப்பா நெற்றியில் விபூதியை அப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளியில் கையில் கயிறு கட்டி வரக் கூடாது என்று விதி இருந்தது. தலைமையாசிரியர் இந்தக் கயிற்றை மட்டும் கண்டுகொள்ளவில்லை. ஏரிக்கரை காலியாகக் கிடந்தது. எந்தப் பேரணிக்கும் அடங்காத பையன்கள் சாயங்காலம் கோயில் மைதானத்தில் வாலிபால் ஆடினார்கள்.

பையன் இருக்கிற வீட்டில் கவுச்சி சமைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு இடித்தது. எனக்குக் கோழிக்கறி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் இல்லாத வீட்டிலிருந்து குழம்பு வாசனை வரும். நான் அந்த வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்று பாண்டி ஆடுவேன்.

மூன்றாம் நாள் அவிழ்க்க வேண்டிய காப்பை இன்னும் ஒரு வாரம் விட்டு வைக்கலாமா என்று அம்மனிடம் கேட்பது என்று முடிவானது. அதற்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். ஊரில் விவரம் தெரியாத குழந்தை என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கறியை நினைத்துக்கொண்டு, சிவப்பு வர வேண்டும் என்று கண்ணை இறுக மூடி எடுத்தேன். வெள்ளை வந்தது. அடுத்த வாரமும் வெள்ளை. அதற்கடுத்த வாரமும் வெள்ளைதான். என் கைராசியின் மேல் எனக்கே வெறுப்பு வந்துவிட்டது.

ஆவணி போனது. புரட்டாசியில் ஊரே கறி சாப்பிடாது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசி பிறந்து தீபாவளி கிட்டே வந்ததும் ஆண்கள் கூடிவிட்டார்கள். தீபாவளிக்கு ஆட்டுக்கறியும் அதோடு கொஞ்சம் மற்றதும் இல்லாமல் எப்படி என்பது அவர்கள் கவலை. அம்மன் இன்னும் எத்தனை நாளைக்குச் சம்மதம் சொல்வாள் என்று கேட்டார்கள். அந்த வாரம் நான் வழக்கம்போல வெள்ளையை எடுத்ததும், கறிக்கடைக்காரர் முன்னால் வந்து, "அந்த இன்னொண்ணையும் பிரி, பாக்கலாம்" என்றார்.

பெரியப்பா பிரிக்கவில்லை. கறிக்கடைக்காரரே பிரித்தார். அதிலும் வெள்ளைப் பூ.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டும் வெள்ளையா கீதுன்னா இன்னா அர்த்தம்? அம்மனுக்கு ரெட்டிப்பு சம்மதம்னு அர்த்தம்" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்தாலும் விடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் காலையில் காப்பை அவிழ்ப்பது என்று முடிவானது. அம்மா என் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். அப்பாவிடம் நாட்டுக்கோழி சொல்லிவைக்கச் சொன்னேன். சொல்லிவைத்தார்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பைக்கில் ரெண்டு பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பள்ளியை விட்டு நின்று லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிற பையன்கள். ஏரிக்கரையில் பாட்டில் வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான் என்று எனக்குக்கூடத் தெரியும். "தீபாவளிக்கு வரியா மச்சி?" என்றான் ஒருவன். அண்ணன் கையை மட்டும் தூக்கி மணிக்கட்டைக் காட்டினான். "அதான் முன்னாடி நாளே அவுக்கறாங்களாமே" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அண்ணன் தெருவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் பையன்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். மூன்று மாதத்தில் கயிறுகள் மஞ்சள் நிறம் போய் அழுக்கேறி நூலாகியிருந்தன. பெரியப்பா ஒவ்வொன்றாக அறுத்து வேப்பமரத்தடியில் போட்டார். அறுபட்டவன் அறுபட்டவனாகக் கையை உதறிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பையன் மட்டும் அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனான். கடைசியில் நின்றது அண்ணன். முறை வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்கு இருக்கட்டும் பெரிப்பா."

"ஒண்ணா கட்டினது, ஒண்ணாதான்டா அவுக்கணும். முறைன்னு ஒண்ணு கீது இல்ல?"

அண்ணன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவளிடம் மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். "கைல இது இருந்தா, வேணாம்னு நான் சொல்ல வேண்டியதில்லம்மா. இதுவே சொல்லிடுது. எனக்குச் சொல்ல வரல."

பெரியப்பா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பழைய கயிற்றை அறுத்தார். உள்ளே போய் அம்மன் காலடியிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்து வந்து, மஞ்சள் கை முழுக்க வழிய வழிய அதைக் கட்டினார். "அது அவுத்தாச்சி. இது வேற" என்றார். "உனக்கா சொல்ல வரும்போது வந்து சொல்லு, அவுக்கறேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காப்பு என்றால் கவுச்சி கிடையாது. கவுச்சி கிடையாது என்றால் நாட்டுக்கோழி கிடையாது. ஊரில் எல்லாப் பையன்களும் சமர்த்தாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போக, எனக்கு வாய்த்த அண்ணன் மட்டும் இப்படி. அம்மனுக்கு இவ்வளவு பயப்படுகிற கோழை என்று அவனைத் திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. அப்பா போய்க் கோழி வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையிலேயே நண்பர்களோடு கிளம்பிவிடுகிறவர், மறுநாள் எங்கும் போகாமல் எங்களோடு உட்கார்ந்து வெடி வெடித்தார். ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. என் துக்கம் எனக்கு.

தீபாவளி அன்று மத்தியானம் ஊர் முழுக்கக் கறி மணந்தது. எங்கள் வீட்டில் மட்டும் கத்திரிக்காய் சாம்பார். நான் கோபமாகச் சமையல்கட்டுக்குள் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அண்ணன் அப்பாவோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடி வழிந்தது.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. என் கோபமெல்லாம் போயிற்று. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா. பொங்கலுக்குக் கறி செஞ்சிக்கலாம்" என்றேன்.

அம்மா என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். என்னைவிட அவளுக்குத்தான் கோழிக்கறி மேல் ஆசை போலிருக்கிறது, இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.