பம்பாய் வரைக்கும் மூணு மணி நேரம்

எண்பத்து நான்கில் என் நிக்காஹ் அன்று செஞ்சி வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அம்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தாய்மாமன். பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து அவர்களோடு வந்த ஒரு பஸ் ஜனம். கூப்பிடாமலே வந்து வாசலுக்கு வெளியே நின்ற சின்னத்தா, அதாவது அத்தாவின் தம்பி. திரைக்குப் பின்னால் நான்.

அண்ணன் இல்லை. துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

அத்தா இறந்துவிட்ட வீட்டில் பெண்ணை அண்ணன்தான் கொடுக்க வேண்டும். அவனும் இல்லையென்றால் சின்னத்தா. அத்தா மௌத்தான நாற்பதாம் நாளே கிணற்றுக்குக் குறுக்கே சுவர் வைத்தவர் அவர். ஆறு வருடமாக அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியதில்லை.

அண்ணன் கடிதம் போட்டிருந்தான். வியாழக்கிழமை காலை ப்ளேன், பம்பாய்க்கு மூணு மணி நேரம்தான் என்று. நான்தான் படித்துச் சொன்னேன். நாலாவது வரை படித்தவள். மெட்ராசுக்கு நாங்கள் பஸ்ஸில் போகவே நாலு மணி நேரம் ஆகும். பம்பாய் நம் நாடு. அங்கே இறங்கிவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா அப்படியே நாள் வைத்தாள்.

ஜும்ஆ முடிந்தது. பிரியாணி ஆறியது. அண்ணன் வரவில்லை.

"இன்னாம்மா, ப்ளேன்ல வர்றவரு மாட்டு வண்டிக்கு மாறிட்டாரா?" என்றார் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

"மூணு மணி நேரந்தாங்க. வந்துடுவான்" என்றாள் அம்மா.

"அந்த மூணு மணி நேரம் நேத்தே ஆயிப்போச்சு. சாயங்காலம் அஸர் வரைக்கும் பாப்போம். அப்பால எங்க பஸ்ஸு நிக்காது. மாப்ளயும் அதுலதான் வருவாரு."

ஹஜ்ரத் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க கொழுந்தனாரு வாசல்லதாம்மா நிக்கிறாரு."

"செவுரு வச்ச கையால எம் பொண்ணக் குடுக்க வுட மாட்டேன்."

அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். வெளியே பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். அம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம். வந்துடுவான்" என்றாள்.

எனக்கு இருபத்தாறு வயது. பந்தலில் உட்கார்ந்த மாப்பிள்ளை எழுந்து போய்விட்டால் அதற்கப்புறம் யாரும் கேட்டு வரமாட்டார்கள். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

திரைக்குள்ளிருந்தே சொன்னேன். "ஹஜ்ரத், சின்னத்தாவ உள்ள கூப்புடுங்க."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்தது. நான் பஸ் ஏறும்போது அம்மா வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் அனந்தபுரத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"அம்மா இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"உன் பேச்சே எடுக்கல. மூணு மணி நேரம்னு ஏண்டா எழுதினேன்னு என்னத்தான் கேட்டுச்சு." விரலை மடக்கினான். "நான் பொய் எழுதலியே. ப்ளேன் மூணுதான். பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன் உக்கார வச்சது ஏழு. ரயிலுக்கு ஸ்டேஷன்ல நாலு. மெட்ராஸ் வரைக்கும் நின்னுக்கிட்டே முப்பது. அங்க பஸ்ஸுக்கு ரெண்டு. செஞ்சிக்கு நாலு."

அவன் கூட்டவில்லை. நான் கூட்டினேன்.

ஐம்பது.